பழைய ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த சிஜே 3பி ஜீப்பை, மகிந்திரா உரிமம் பெற்று நம் நாட்டில் பல ஆண்டுகள் தயாரித்தது. அந்த வண்டியும் அதற்குப் பின் வந்த எம்எம் 540-யும் இன்றும் மலைத் தோட்டங்களில் உழைக்கின்றன. ஆசையாகப் புதுப்பித்து வைத்திருப்பவர்களும் நிறைய. இவற்றுக்கு ஷாக் மாற்றும்போது பலரும் பிராண்டைத்தான் விசாரிக்கிறார்கள், அளவை விட்டுவிடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

1. பழுது ஷாக்கிலா, பட்டையிலா என்று முதலில் பாருங்கள். எடையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்தான். ஷாக் ஆட்டத்தை அடக்குமே தவிர, வண்டியைத் தூக்கி நிறுத்தாது. ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் ஜீப்புக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் சாய்வு போகாது.

2. போனட்டை அமுக்கி விட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையை இந்த வண்டியில் நம்ப வேண்டாம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் நின்றுவிடும். ஷாக்கைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, சில முறை இழுத்து அமுக்குங்கள். எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் பிடிப்பு இல்லாமல் லொடக்கென்று இறங்கினாலோ, எண்ணெய் வழிந்திருந்தாலோ, ராடில் துருப் புள்ளிகள் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். சீல் ஓரத்தில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் தெரிந்தால் அவசரமில்லை.

3. இனி அளவு. கடைக்குப் போகுமுன் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக்கை மாட்டும் மேல் பின்னின் மையத்திலிருந்து கீழ் பின்னின் மையம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 14 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஆக்சிலுக்கும் சேசிஸில் உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அது இரண்டரை இன்ச் என்றால், பள்ளத்தில் விழும்போது ஷாக்குக்கு மிஞ்சும் இடம் பதினொன்றரை. ரப்பரும் நசுங்கும் என்பதால் இன்னும் அரை இன்ச் கழியுங்கள். ஆக, முழுதாகச் சுருங்கிய நிலையில் புது ஷாக்கின் நீளம் 11 இன்ச்சுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதே பின்களை மறுபடி அளங்கள். 16 இன்ச் வந்தால், முழுதாக விரிந்த நீளம் பதினாறரையாவது இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அளப்பது அவசியம்.

4. இதில் அரை இன்ச் என்பது சின்ன விஷயமில்லை. நீளமான ஷாக், ரப்பர் தொடுவதற்கு முன்பே உள்ளே முட்டி, பிராக்கெட்டைப் பிய்த்துவிடும். குட்டையான ஷாக், சக்கரம் தொங்கும்போதெல்லாம் ஆக்சிலின் முழு எடையையும் இழுத்துப் பிடித்து சீலைக் கெடுத்துக்கொள்ளும்.

5. கழற்றிய பழைய ஷாக்கை அளந்து அதே நீளத்தில் வாங்குவது சரியல்ல. முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியின் ஷாக்கை மாட்டியிருக்கலாம், பட்டை சேர்த்திருக்கலாம், நீளமான ஷேக்கிள் போட்டிருக்கலாம்.

6. பின்னின் விட்டத்தை வெர்னியரில் பாருங்கள். தேய்ந்த பின்னில் புது புஷ்ஷும் ஆடத்தான் செய்யும். பிராக்கெட்டின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

7. கெட்டியான ஷாக் என்றால் நல்ல ஷாக் என்று நினைக்கிறார்கள். பழைய ஜீப்பைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சிஜே 3பி-யின் வீல்பேஸ் 80 இன்ச்தான். சின்ன மேட்டிலேயே முன்னும் பின்னும் தூக்கிப்போடும். அதன் மேல் பாரம் ஏற்றும் வண்டிக்கான ஷாக்கைப் போட்டால், சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதற்குப் பதில் துள்ளும், பிடிப்பு போய்விடும். அந்த அதிர்ச்சி முழுவதும் பழைய சேசிஸுக்குத்தான் போகும். பட்டையைக் கூட்டியிருந்தால் மட்டும் அதற்கேற்ற கெட்டி ஷாக் தேடுங்கள். மற்றபடி கம்பெனி கொடுத்த தன்மையிலேயே வாங்குங்கள்.

8. எண்ணெயா, கேஸா? கரடுமுரடான பாதையில் விடாமல் ஓட்டினால் எண்ணெய் சூடாகி நுரைக்கும், ஷாக் தளர்ந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக்கில் அந்த நுரை குறைவு. ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டை இன்னும் நன்றாகவே வெளியேற்றும். ஆனால் பிஸ்டன் நேராக வெளிக்குழாயிலேயே ஓடுவதால், ஒரு கல் பட்டு நெளிந்தாலே சிக்கிக்கொள்ளும். கல் பாதையில் போகும் ஜீப்புக்கு என் சிபாரிசு இரட்டைக் குழாய்தான். ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு வெறும் எண்ணெய் ஷாக் போதும்.

9. புஷ் ரப்பரிலேயே இருக்கட்டும். பாலியூரிதேன் நாள்பட உழைக்கும், ஆனால் அதிர்வை வண்டிக்குள் கொண்டுவரும், கிறீச்சிடும்.

10. ஒரு ஆக்சிலுக்கு இரண்டும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்கள் கைகொடுக்கும். கியர்பாக்ஸ், பம்பர் என்று எதை வேண்டுமானாலும் அங்கே தேடலாம், ஷாக்கை மட்டும் பழையது வாங்காதீர்கள். பெட்டி பிரிக்காத புதுச் சரக்கானாலும் பல வருடம் கிடந்திருந்தால் சீல் இறுகியிருக்கும். தயாரித்த தேதியைக் கேளுங்கள்.

11. இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுத்தே கிடந்திருந்தால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டுமுன் குழாய்ப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, எதிர்ப்பு சீராகும் வரை மெதுவாக இழுத்து அமுக்குங்கள். மாட்டும்போதும் குழாய் கீழ்ப்பக்கம்தான் வர வேண்டும்.

12. போல்ட் வைத்த மாடல் என்றால், நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகு முழுதாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். காட்டர் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும்.

13. நீளமான ஷாக் போட்டால் சக்கரம் முன்பைவிடக் கீழே இறங்கும். அப்போது பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரங்களை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். கொஞ்சம் இழுத்தாலும் நீளமான ஹோஸ் மாற்றாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.