உறி கட்டும் முறை

மேனாட்டார் 'மாக்ரமே' என்று வழங்கும் முடிச்சுவேலை, 1970-ஆம் ஆண்டை யடுத்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருவழக்காயிற்று. பூந்தொட்டி தாங்கும் கயிற்றுத் தொங்கலே அதிற் சிறந்த உருப்படி. அதனைக் கண்டு வியக்கும் நம்மவர், அஃது உறியே என்பதை நினைப்பதில்லை. கலித்தொகையில், பாலைவழிச் செல்லும் அந்தணர் உறியிலே கரகந் தொங்கவிட்டுச் செல்கின்றனர். உறி அத்துணைப் பழைமையது. எறும்பும் பூனையும் எட்டாதபடி மோரையும் வெண்ணெயையும் காத்த உறியின் தொழிலைக் குளிர்ப்பெட்டி கவர்ந்துகொண்டது. குளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் விட்டத்து இரும்பு வளையம் மாத்திரம் வெறுமனே தொங்கக் கண்டிருக்கிறேன். அவ்வளையத்திற்கு மீண்டும் வேலை கொடுக்க விரும்புவார்க்கு இதனை எழுதலானேன்.

பருத்திக் கயிறு கைக்கு இதமானது. பதினான்கு முழத்தில் நான்கும், ஏழு முழத்தில் நான்கும் நறுக்கிக்கொள்க. எட்டையும் நடுவில் மடித்து வளையத்திற் கோத்தால் பதினாறு இழைகளாம். நெட்டிழை இரண்டும் குற்றிழை இரண்டுமாகச் சேர்த்து நான்கு கால்களாகப் பிரிக்க. குற்றிழைகள் நடுவில் நிற்கும், நெட்டிழைகளே முடியும். முடியும் இழை, முடிந்த நீளத்தைப்போல் நான்கு மடங்குக்குமேல் செலவாதலின் இவ்வேறுபாடு வேண்டும்.

இடப்புறத்து இழையை நடுவிழைகளின் மேலாக வலப்புறம் கொண்டுபோய், வலப்புறத்து இழையின்கீழ் நுழைக்க. வலப்புறத்து இழையை நடுவிழைகளின் பின்னாக இடப்புறங் கொணர்ந்து, அங்குள்ள வளைவினூடே முன்பக்கமாக எடுத்து இறுக்குக. இஃது அரைமுடிச்சு. மறுபாதியை வலப்புறத்திலிருந்து தொடங்குக. எப்பொழுதும் ஒரே புறத்திலிருந்து தொடங்கினால் கால் திருகுசுருளாய் முறுக்கிக்கொள்ளும், அதுவும் அழகே. ஒவ்வொரு காலையும் ஒரு முழம் முடிந்தபின், நான்கு விரற்கடை விட்டு, அடுத்தடுத்த கால்களிலிருந்து இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து முடிக. பின்னும் நான்கு விரற்கடை விட்டு, பிரிந்த இழைகளை மீண்டுஞ் சேர்த்து முடிக. இவ்வாறு வலை அமையும். அதன் கீழே பதினாறையும் ஒன்றாய்த் திரட்டி, வேறொரு கயிற்றால் பன்முறை சுற்றி இறுகக் கட்டுக.

வலைப்பகுதியில் மட்டும் ஒரே புறத்து முடிச்சு கூடாது. அங்கே அடுக்கடுக்காய் முடிச்சில்லை. தனித்து நிற்பது வழுகும். என் முதல் உறியில் இவ்வேறுபாடு அறியாமல் முடிந்து, மோர்ப்பானையை வைத்தேன். நள்ளிரவில் முடிச்சு நழுவிற்று. பானை பாட்டியினுடையது, மோரைக் குறித்து ஒருவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை.

ஐந்து லிட்டர் நீர் ஐந்து கிலோ எடை. மண்பானையின் எடை வேறு. ஆகையால் இரண்டு செங்கல்லை வைத்து ஓரிரவு தொங்கவிடுக. புதுக்கயிறு நீளும், முடிச்சுகள் இறுகும். விடிந்தபின் கால்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, நீண்ட காலை மேலே இழுத்துக் கட்டிப் பின்னரே பானையை ஏற்றுக.