முகநூலுக்கு வெளியே வாசகர்கள்

கேள்வி: மாடித்தோட்டம் பற்றிச் சிறு மாத இதழ் நடத்துகிறேன். முகநூலில் தினமும் பதிவிட்டும் சந்தா சேரவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிச்சயம் உண்டு. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அத்தனை பாடு உங்களுக்கு வேண்டாம். ஆனால் வாசகர் இருக்கும் இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

உங்கள் வாசகர் நாற்றுப்பண்ணையில் நிற்கிறார், விதைத் திருவிழாவுக்கு வருகிறார். விதை விற்பவரிடம் பேசி, பொட்டலத்தோடு ஒரு துண்டுத்தாள் வைக்கச் சொல்லுங்கள். அதில் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிப்பது எப்படி என்று முழுதாக எழுதுங்கள். சந்தா விவரம் கடைசி வரியில் இருந்தால் போதும். அப்படிப்பட்ட தாளை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். நூலக வாசகர் வட்டத்தில் பேச வாய்ப்புக் கேளுங்கள். நாளிதழ்களின் வேளாண் பகுதிக்கும் எழுதலாம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது, இப்போதைய சந்தாதாரரிடம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரின் முகவரியைக் கேட்டு வாங்கி, மாதிரிப் பிரதி அனுப்புவதைத்தான். ஆடிப்பட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.