குடுவையில் வளரும் மிளகுக்கொடி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளே மிளகின் தாயகம். பழந்தமிழில் மிளகுக்குக் ‘கறி’ என்னும் பெயரும் உண்டு. மிளகு விதையிலிருந்து முளைக்கும் செடி, தாய்க்கொடியின் பண்புகளை அப்படியே பெறுவதில்லை. காய்க்கவும் நெடுங்காலம் ஆகும். ஆகவே, உழவர்கள் தரையில் ஓடும் கொடியை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி நட்டு வளர்க்கின்றனர்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. தாய்க்கொடியில் நோய் இருப்பின், அது துண்டுகளுடன் புதிய தோட்டத்திற்கும் சென்றுவிடும். மழைக்காலத்தில் தாக்கும் விரைவு வாடல் நோய், செழித்து நின்ற கொடியைச் சில வாரங்களிலேயே பட்டுப்போகச் செய்யும். உழவரின் பல்லாண்டு உழைப்பு அதனுடன் அழியும்.

நோயற்ற நாற்றுகளைப் பெற அறிஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்று திசு வளர்ப்பு. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதில் ஆய்வுகள் செய்துள்ளது. நோயற்றது எனச் சோதித்து அறிந்த கொடியின் தளிர்நுனி முதலில் வெட்டி எடுக்கப்படும். கிருமிநீக்கம் செய்தபின் அது கண்ணாடிக் குடுவைக்குள் வைக்கப்படும். அங்கே சர்க்கரை, கனிம உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் ஆகியவை கலந்த அகர்க் கூழ் அதற்கு உணவாகும், விளக்கொளி கதிரவனாகும். ஒரு நுனியிலிருந்து பல தளிர்கள் கிளைக்கும். அவற்றைப் பிரித்து வேறு குடுவைகளில் வைத்தால் வேர்விடும்.

மிளகில் இப்பணி எளிதன்று. கொடியின் உட்புறத்திலேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கும். மேற்புறத்தைக் கழுவுவதால் மட்டும் அவை நீங்குவதில்லை. அவை கூழில் பெருகினால் தளிர் அழுகிவிடும்.

குடுவைச் செடியை உடனே வெயிலில் நட்டால் வாடிவிடும். அதன் இலைகளில் நீரைக் காக்கும் மெழுகுப் பூச்சு மிகக் குறைவு. ஆதலால், அதனை ஈரக்காற்று நிறைந்த நிழற்கூடத்தில் வைத்து, சிறிது சிறிதாக வெளிச்சூழலுக்குப் பழக்குவர்.

நோயின்றிப் பிறந்த நாற்று, நோயை எதிர்க்கும் நாற்று ஆகிவிடாது. வாடல் நோய்க்கிருமி ஈரமண்ணிலும் நீரிலும் பரவும். எனவே, தோட்டத்தில் நீர் தேங்காமல் காக்க வேண்டும். ஆய்வகம் நல்ல தொடக்கத்தைத் தரும். கொடியைக் காப்பது உழவரின் விழிப்பே.

சொல் பொருள்
இடர் – துன்பம்
தளிர் – இளம் இலை, கொழுந்து
நாற்று – நடுவதற்குரிய இளஞ்செடி

விடை எழுதுக
1. உழவர்கள் விதையை விடுத்துக் கொடித்துண்டுகளை நடுவது ஏன்?
2. குடுவைச் செடியை உடனே வெயிலில் நட்டால் வாடுவதன் காரணம் யாது?
3. நோயற்ற நாற்றை நட்ட பின்னரும் உழவர் விழிப்புடன் இருக்க வேண்டியது ஏன்?