எளிய கட்டளை

வேதபாடம்: 2 இராஜாக்கள் 5:1-14



யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னபோது நாகமான் கோபங்கொண்டான். பெரிய காரியத்தை எதிர்பார்த்து வந்த சேனாபதிக்கு அந்தக் கட்டளை அற்பமாய்த் தோன்றியது. கீழ்ப்படிந்த பிறகே சுகமடைந்தான்.

சிறுநீரகம் செயலிழந்த பிள்ளைகளின் காரியத்திலும் இதே பாடத்தைக் காண்கிறோம். நரிக்குடி வட்டாரக் கிராமத்திலிருந்து வாரம் இரண்டு மூன்று தடவை மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்தால், பெற்றோரின் கூலியும் போகும், பிள்ளையின் படிப்பும் போகும். வீட்டிலேயே செய்யும் வழி ஒன்று உண்டு. வயிற்றினுள் இருக்கும் மெல்லிய சவ்வே அங்கே வடிகட்டி. மென்குழாய் வழியே குளுக்கோஸ் கலந்த திரவத்தை வயிற்றில் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்தால், கழிவுகள் அதனுடன் வெளியேறும். பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முறை மாற்றுவார்கள். 1976-இல் அமெரிக்காவில் பாப்போவிச், மான்கிரீஃப் ஆகியோர் விவரித்த இம்முறை, 1991-இல் இந்தியாவுக்கு வந்தது.

இதில் வரும் ஆபத்துகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

1. கை சுத்தமில்லாவிட்டால் குழாய் வழியே கிருமி புகுந்து வயிற்றுச் சவ்வில் அழற்சி உண்டாகும். வடியும் நீர் கலங்கலாக இருந்தாலோ, வயிற்று வலியும் காய்ச்சலும் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரவேண்டும். தாமதித்தால் குழாயையே எடுக்க நேரிடலாம், உயிருக்கும் ஆபத்து.

2. குழாய் வெளிவரும் இடம் சிவந்து சீழ் பிடிக்கலாம்.

3. குழாய் அடைபடலாம், குடலிறக்கமும் வரலாம்.

4. வடியும் நீரோடு புரதமும் போய்விடும். வளரும் பிள்ளைக்கு அது பெரிய நஷ்டம். டாக்டர் சொல்லும் அளவில் முட்டையும் பருப்பும் வேண்டும்.

1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அத்தகைய நாள் வரும்வரை பிள்ளையைத் தாங்குவது இந்தச் சிகிச்சையே.

ஆனால் கண்மாய் வற்றி, குடிதண்ணீரையே விலைக்கு வாங்கும் வீட்டில், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவத் தண்ணீர் எங்கே? தாய்க்குக் கவனம் இல்லை என்று சொல்லிவிடலாகாது. குடம்தான் காலியாயிருக்கிறது.

பிரியமானவர்களே, கட்டடத்திற்கும் இயந்திரத்திற்கும் கொடுக்க நமக்கு எளிதில் மனம் வருகிறது. அதில் பெயர் பொறிக்கலாம். மூடி போட்ட தண்ணீர்த் தொட்டி, சோப்பு, முகக்கவசம், முட்டை, அவசரத்தில் வர வண்டிச் செலவு ஆகியவற்றில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. ஆனாலும் ஒரு பிள்ளையின் ஜீவன் இவற்றைச் சார்ந்திருக்கிறது. சிறிய கட்டளைக்கும் கீழ்ப்படிய ஆண்டவர் நமக்குக் கிருபை செய்வாராக. இப்பிள்ளைகளையும் அவர்கள் தாய்மாரையும் ஜெபத்தில் தாங்குங்கள்.