எழுதுமுன் பூட்டுங்கள்: கைபேசி, மெமரி கார்டு, பென் டிரைவ் பாதுகாப்பு

பஞ்சாயத்து அலுவலகத்தில் இரும்பு அலமாரி இருப்பதும், பதிவேடுகளை அதனுள் வைத்துப் பூட்டுவதும் யாவரும் அறிந்த வழக்கம். வரிப் புத்தகமோ தீர்மானப் புத்தகமோ திண்ணையில் கிடப்பதற்கு எந்த அங்கத்தினரும் சம்மதிக்கமாட்டார். ஆனால் இன்று அதே விவரங்கள் நகமளவு மெமரி கார்டிலும் விரல் நீளமுள்ள பென் டிரைவிலும் ஏறி, சட்டைப்பையில் ஊர் சுற்றுகின்றன. பயனாளிகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், விவசாயியின் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் படங்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. அலமாரிக்கு இடும் பூட்டை இவற்றுக்கும் இடுவது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

பிளாஷ் நினைவகம் என்பது யாது?

கைபேசி, மெமரி கார்டு, பென் டிரைவ் ஆகிய மூன்றிலும் செய்திகளைத் தாங்கி நிற்பது பிளாஷ் நினைவகம் என்னும் சிலிக்கான் சில்லு. ஜப்பானியப் பொறியியலார் பூஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது இதனை உருவாக்கி 1984-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். இதிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளில் எலக்ட்ரான்கள் அடைபட்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய சுவர் உண்டு. ஆதலால் பாட்டரியைக் கழற்றிய பின்னரும் எழுதியது மறைவதில்லை. இக்குணமே இதன் பெருமை. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது.

அழித்தால் போதாதா?

“வேண்டாதவற்றை அழித்துவிட்டோம்; இனி அச்சமில்லை” என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். மெமரி கார்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் நேர்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது போன்றதே. உள்ளே பக்கம் அப்படியே இருக்கும். தக்க மென்பொருள் கொண்டு அதனை மீட்டெடுத்தல் எளிது.

அதன் மீது வேறு எழுதி மறைக்கலாமே எனில், அதுவும் உறுதியன்று. கரும்பலகையில் ஒரு சொல்லை மட்டும் துடைத்து எழுதலாம். பிளாஷ் நினைவகத்தில் அவ்வாறு இயலாது. துடைப்பதாயின் ஒரு பெரும் பகுதியையே ஒருங்கே துடைத்தல் வேண்டும். மேலும், ஒவ்வொரு பகுதியும் இத்தனை முறைதான் துடைப்பைத் தாங்கும் என்ற எல்லை உண்டு. ஒரே நிலத்தில் இடைவிடாது ஒரே பயிரை இட்டால் மண்ணின் சாரம் குன்றுமென்று விவசாயி நிலத்தை மாற்றிப் பயிரிடுவது போல, நினைவகத்தின் கட்டுப்பாட்டுச் சில்லும் இடத்தை மாற்றி மாற்றி எழுதுகிறது. ஆகவே திருத்திய கணக்கு புதிய இடத்தில் அமர, பழைய கணக்கு வேறோர் மூலையில் தங்கியிருக்கக்கூடும்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் இதனைச் சோதித்தனர். பழைய வகை வட்டுகளுக்கென அமைந்த முறைகளால், பிளாஷ் சேமிப்பிலிருந்து ஒரு தனிக் கோப்பை நம்பத்தக்கவாறு அழிக்க இயலவில்லை என்று கண்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2015-இல், பழைய ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்த 21 கைபேசிகளை ஆராய்ந்தனர். முழு ரீசெட் செய்த பின்னரும் அவற்றில் பழைய விவரங்கள் மீட்கத்தக்கனவாய் இருந்தன.

இவற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. எழுதிய பின் அழிப்பதை நம்புதல் கூடாது. எழுதுமுன் பூட்டுதல் வேண்டும். அப்பூட்டின் பெயர் குறியாக்கம். அஃதாவது, உரிய கடவுச்சொல் இல்லாதவருக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாய்த் தோன்றுமாறு செய்தியை மாற்றி எழுதுதல். அவ்வாறு எழுதப்பட்டது எந்த மூலையில் தங்கினும் கவலையில்லை.

இரண்டு நிகழ்ச்சிகள்

2008-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு பென் டிரைவ் காணாமற்போயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்த சுமார் 84,000 கைதிகளின் விவரங்கள் அதில் இருந்தன. அரசாங்கம் அவற்றைக் குறியாக்கம் செய்தே ஒப்பந்தக்காரரிடம் அளித்திருந்தது. ஒப்பந்தக்காரரிடத்தில் அவை பூட்டற்ற பென் டிரைவில் நகலெடுக்கப்பட்டன. அலமாரியைப் பூட்டிவிட்டு நகலைத் தெருவில் வைத்த கதைதான் இது.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானின் அமகசாகி நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் முகவரி, பிறந்த தேதி, வரி விவரம் முதலியவை அடங்கிய பையை ஓர் ஒப்பந்த ஊழியர் இரவில் தொலைத்தார். மது அருந்தித் தெருவில் உறங்கியதன் விளைவு அது. எனினும் அங்கிருந்த பென் டிரைவ் குறியாக்கம் பெற்றிருந்தது. சில நாட்களில் பையும் கிடைத்தது. இதனிடையே, கடவுச்சொல் 13 எழுத்துக்கள் கொண்டது என்று அதிகாரிகளே கூறிவிட்டனர். உடனே மக்கள், ஊர்ப்பெயரையும் ஆண்டையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் சரியாக 13 எழுத்துக்கள் வருகின்றனவே என்று ஊகிக்கத் தொடங்கினர். ஊர்ப்பெயர், ஆண்டு, தலைவரின் கைபேசி எண் போன்றவற்றைக் கடவுச்சொல்லாக வைக்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

செய்யவேண்டியவை

1. கைபேசிக்குக் குறைந்தது ஆறு இலக்கப் பூட்டு எண் இடுக. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வெளிவரும் கைபேசிகளின் உள் நினைவகம் குறியாக்கத்துடனேயே வருகிறது. ஆனால் பூட்டு எண் இல்லையேல் அதனால் பயனில்லை.

2. மெமரி கார்டைத் தனியே கவனிக்க. பெரும்பாலான கைபேசிகளில் அதற்குத் தானாகப் பூட்டு விழுவதில்லை. பிறருடைய ஆவணங்களைக் கார்டில் வைக்காது உள் நினைவகத்திலேயே வைத்தல் நலம்.

3. அலுவலகப் பென் டிரைவைப் புதிதாக இருக்கும்போதே குறியாக்கம் செய்க. விண்டோஸின் புரொபஷனல் பதிப்பில் பிட்லாக்கர் என்னும் வசதி உண்டு. வெராகிரிப்ட் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

4. ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்க அந்தப் பென் டிரைவைக் கொண்டு செல்லற்க. வேண்டிய ஒரு தாளை மட்டும் வேறொன்றில் ஏற்றிச் செல்க.

5. கைபேசியைப் பழுது பார்க்கவோ விற்கவோ கொடுக்குமுன் மெமரி கார்டை எடுத்துவிடுக. விற்பதாயின், குறியாக்கம் உள்ள கைபேசியில் முழு ரீசெட் செய்க. அப்போது திறவுகோலே அழிவதால் எஞ்சியதைப் படிக்க இயலாது. பூட்டின்றிப் பயன்பட்ட பழைய கார்டை விற்காமல், உள்ளிருக்கும் சில்லு நொறுங்குமாறு உடைத்துவிடுக.

6. கைபேசி தொலைந்தால் போலீசாருக்கும் வங்கிக்கும் உடனே அறிவித்து, ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு அதனை முடக்கச் செய்க. ஆனால் முடக்கம் கைபேசித் தொடர்பைத்தான் தடுக்கும். கழற்றிய மெமரி கார்டைத் தடுக்காது.

ஓர் எச்சரிக்கை

குறியாக்கத்தின் கடவுச்சொல் மறந்தால் பூட்டுக்கு உரியவரும் உள்ளே செல்ல இயலாது. செயலர் மாற்றலாகிச் சென்றபின் கணக்கு திறக்கவில்லையெனில் பஞ்சாயத்தே தவிக்கும். ஆகவே கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து அலுவலக அலமாரியில் பாதுகாத்தல் வேண்டும். அன்றியும், அடைபட்ட எலக்ட்ரான்கள் பல்லாண்டுகளில், குறிப்பாக வெப்பத்தில், மெல்லக் கசிந்துவிடும். எனவே பென் டிரைவ் ஒன்றையே நம்பாது, பூட்டிய மற்றொரு நகலும் வேறிடத்தில் இருத்தல் அவசியம்.

ஓர் ஏழை மூதாட்டி தன் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நம்மிடம் நீட்டுவது, நம்மை நம்பித்தான். அந்நம்பிக்கையைக் காக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே, அலுவலகத்தில் எத்தனை பென் டிரைவ்களும் கார்டுகளும் உள்ளன, அவை யார் வசம் இருக்கின்றன, எவற்றுக்குப் பூட்டு உண்டு என்று ஒரு பட்டியல் எடுப்போமாக. அதுவே முதற்படி.