தொலைவும் பயண நேரமும்

இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவைப் பண்டைத் தமிழர் காதம் என்னும் அளவால் குறித்தனர். நடந்து செல்வோனுக்குக் காதம் கூடினால் நாளும் கூடும். ஊர்திகள் தோன்றிய பின்னரோ, தொலைவு வேறு, காலம் வேறு என்றாயிற்று.

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களின் வழியே அமைந்த அவ்விருப்புப் பாதை, மாட்டு வண்டியில் பல நாள் ஆன பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. 1932ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சற் பைகளுடன் சிறு விமானத்திற் பறந்து, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, காலமே குறுகிற்று.

இக்காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களிலிருந்து கல்விக்கும் தொழிலுக்கும் கடல் கடந்து செல்வோர் பலர். அவருள் இலண்டன் செல்லும் ஒருவரது பயணத்தைக் காண்போம்.

உலக உருண்டையின்மீது சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் செல்லும் வழியே மிகக் குறுகிய வழியாகும். அதன் நீளம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானம் ஒன்பது மணி நேரத்திற் சேர்ந்துவிடும் என்று கணக்குக் கூறும். ஆனால், மேலெழவும் கீழிறங்கவும் நேரம் வேண்டும். விமானம் செல்லும் வழியும் நூல்போல் நேராக அமைவதில்லை. அன்றியும், உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகின்றது. அது செல்லும்போது எதிர்த்து நிற்கும்; திரும்பும்போது பின்னின்று உந்தும். ஆதலின் செல்வதற்குப் பதினொரு மணி நேரமும், திரும்புவதற்குப் பத்து மணி நேரமும் ஆகும் எனக் கொள்ளலாம்.

இனிக் கடிகாரக் கணக்கு ஒன்று உண்டு. புவி தன்னைத்தானே சுற்றுவதால், கிழக்கேயுள்ள நமக்குக் கதிரவன் முன்னரே உதிக்கின்றான். குளிர்காலத்தில் இலண்டன் கடிகாரம் நமது கடிகாரத்தினும் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். காலை ஆறு மணிக்குச் சென்னையை விட்டவர், பதினொரு மணி நேரம் பறந்தும், அங்கே முற்பகல் பதினொன்றரை மணிக்கே இறங்குவார். அவரே திங்கட்கிழமை நண்பகலில் இலண்டனை விட்டால், சென்னையில் செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்கு இறங்குவார். அவரை எதிர்கொள்ள ஆவடியிலுள்ள பெற்றோர் திங்கட்கிழமை இரவே விழித்திருந்து புறப்படுதல் வேண்டும். செவ்வாய் மாலை எனக் கருதியிருந்தால், நெடுநாள் பிரிந்த மகன் விமான நிலையத்திலே தனித்து நிற்க நேரும்.

தொலைவை நூல் காட்டும். பறக்கும் நேரத்தைக் காற்றும் வழியும் வகுக்கும். சேரும் வேளையைக் கடிகாரம் கூறும். இம்மூன்றையும் பிரித்தறிந்து கணக்கிடுவோர்க்கு வழியில் இடர்ப்பாடு குறையும்.