உழைத்த உடம்புக்கு உணவு



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சுவரை எழுப்பக் கொத்தனார் மட்டும் போதுமா? செங்கல்லும் வேண்டும் அல்லவா! உடற்பயிற்சியைக் கொத்தனார் என்று வைத்துக்கொண்டால், உணவுதான் செங்கல்.

நம் விடுதியில் காலையில் தண்டால், மாலையில் கபடி என்று வியர்வை சிந்துகிறவர்கள் பலர். ஆடி முடித்ததும் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டால், "ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி" என்றுதான் பதில் வருகிறது. கையில் காசு உள்ளவர்கள் புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தேடுகிறார்கள். இல்லாதவர்கள், "நமக்கெல்லாம் உடம்பு ஏறாதுடா" என்று விட்டுவிடுகிறார்கள். டப்பா இல்லாமலே உடம்பு தேறும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தசை எப்படி வளர்கிறது?

இரும்புத் தண்டின் மேல் திரும்பத் திரும்பப் பளு ஏற்றி இறக்கினால் அது தளர்ந்து ஒருநாள் உடைந்துபோகும் என்று இயந்திரவியல் பாடத்தில் படிக்கிறோம். தசை அப்படியல்ல. பளுவைத் தாங்கிய தசை நார்களை உடம்பே பழுது பார்த்து, முன்னைவிடப் பலமாகக் கட்டிக்கொள்கிறது. இரும்பு தேயும், தசை தேறும்! இந்த வேலை நடப்பது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பின் வரும் ஒரு நாளிலும் அதற்கு மேலும்தான். அதற்கு மூன்று சாமான்கள் வேண்டும். பழுது பார்க்கப் புரதம்; தீர்ந்துபோன எரிபொருளை நிரப்ப மாவுச்சத்து; வியர்வையில் போனதை ஈடுகட்டத் தண்ணீரும் உப்பும். இவற்றோடு நல்ல தூக்கம்.

குன்னூரில் நடந்த ஆராய்ச்சி

நம் மாநிலத்து மலையொன்றில், நீலகிரியின் குன்னூரில், 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னாளில் அவர் எலிக்குட்டிகளைப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை மாகாண உணவைத் தின்றவை பின்தங்கின. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, தட்டில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்று இதிலிருந்து விளங்குகிறது.

அந்த ஆய்வகம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்பது அதுதான். 2024-ல் அது வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாதாரணமாக ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பளுப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும்; ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

அரிசி, கேழ்வரகு எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்றால் அதில் புரதம் சுமார் 28 கிராம். பருப்பு 50 கிராமில் 11. வேர்க்கடலை 50 கிராமில் 12. கொள்ளுச் சுண்டல், வேகவைக்கும் முன் 50 கிராம் என்றால் 11. முட்டை இரண்டில் 12. பாலோ தயிரோ ஒரு டம்ளரில் 6. கூட்டினால் 80 கிராம்! இதில் எந்த டப்பாவும் இல்லை. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

இன்னொரு விஷயம். அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்ற சத்து பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. ஆகவே நம் பாட்டிமார் பொங்கிய பருப்புச் சோறும் இட்லியும் சாமானியப் பண்டங்கள் அல்ல.

எப்போது சாப்பிடுவது?

அரை மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் பயிற்சி வீண் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. ஓரிரு மணி நேரத்துக்குள் ஒழுங்கான சாப்பாடு போதும். முக்கியமானது, புரதத்தை இரவு ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்வது. கபடி முடிந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை, உப்புப் போட்ட மோர். பிறகு இரவுச் சாப்பாடு. டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நம் வீட்டில் பயிற்சி செய்பவர் யார்?

நான் ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்திலிருந்து வருகிறவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். எங்க அப்பா காப்பித் தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்க அம்மா காப்பிப் பழம் பறிக்கிறவர். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குவார், சாயங்காலம் விறகும் சுமப்பார். தூக்குவது கர்லாக்கட்டையா காப்பி மூட்டையா என்று தசைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பளு ஒன்றுதான். அப்படியானால் மேலே சொன்ன கணக்கு முதலில் யாருக்கு?

ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் நடப்பது என்ன? இருக்கிற முட்டை படிக்கிற பையனுக்கு. கெட்டிக் குழம்பு அப்பாவுக்கு. அம்மா கடைசியில் உட்கார்ந்து, மிச்சச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடுவார். கேட்டால், "எனக்குப் பசிக்கல சாமி" என்பார். மாலையில் கை கால் வலி என்றால் தைலம் தேய்த்துக்கொள்வார். எல்லா வலியும் சத்துக் குறைவால் வருவது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செங்கல் கொடுக்காமல் சுவர் மட்டும் எழும்ப வேண்டும் என்றால் எப்படி?

தோழர்களே! நம்மில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்திருக்கிறோம். டப்பாவுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஊருக்குப் போகும்போது வேர்க்கடலையும் கொள்ளும் பச்சைப்பயறும் வாங்கிப் போவோம். முட்டை நான்கு இருந்தால் நான்கு தட்டிலும் ஒவ்வொன்று வைப்போம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உழைத்த உடம்பு எதுவானாலும் அதற்கு உரியதைக் கொடுப்போம்.